கிழக்கில் வாங்கி மேற்கில் விற்கும் தீவு

வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் துணி நெய்தார்கள். அங்கே புதிதாகக் குடிவந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். காலி வீதியின் இருமருங்கும் புடவைக் கடைகள், நகைக் கடைகள், சைவக் கடைகள், அவற்றுக்குப் பின்னால் கடல் வரைக்கும் தொடர்மாடிகள். துணி விற்கிற ஊர் என்றால் சரி, நெய்த ஊரா? ஹவ்லொக் வீதிப் பக்கம் ஹவ்லொக் சிற்றி என்ற பெயரில் உயர்ந்து நிற்கும் கோபுரங்கள் பழைய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் காணியில்தான் எழும்பியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய ஆலை அது. சிங்களவர், மலையாளிகள், தமிழர் என்று பலரும் அங்கே வேலை செய்தார்கள். 1933இல் அங்கே மூண்ட வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு ஆண்டு கழித்து, 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. இந்த நாட்டின் இடதுசாரி அரசியலுக்கு முதல் பாடம் நடந்த இடங்களில் வெள்ளவத்தை மில்லும் ஒன்று.

அந்த ஆலை போனதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. அரசாங்கம் கையேற்றது, இயந்திரம் பழசானது, நிர்வாகம் தளர்ந்தது. ஆனாலும் 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு உள்ளூர் நெசவு நிமிரவே இல்லை. அரசாங்கத்தின் பெரிய ஆலைகள் தடுமாறின. ஊரூராக இயங்கிய மின்தறிக் கூடங்கள் சத்தமில்லாமல் பூட்டப்பட்டன. அதே காலத்தில்தான் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டமும் வெங்காயத் தோட்டமும் அடிவாங்கின. மறுபக்கம், 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, இலட்சக்கணக்கான பெண்பிள்ளைகள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். நெய்வதை விட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கிய நாடு நாங்கள். சீனா எழுகிறது, இந்தியா எழுகிறது, உலக வர்த்தகத்தின் பாரம் மேற்கிலிருந்து கிழக்குக்குச் சாய்கிறது என்று கொழும்பில் நடக்கும் கருத்தரங்குகளில் இந்த விஷயம் அநேகமாக வருவதில்லை. யாருடைய கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது என்பதைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள்.

வெள்ளவத்தைக் கடை ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி அலுமாரிக்குள் காஞ்சிபுரம், தர்மாவரம். கை எட்டும் தட்டில் சூரத்து பொலியெஸ்ரர் சேலைகள், ஒவ்வொன்றும் பிளாஸ்ரிக் உறைக்குள், உறைக்கு மேல் சேலை உடுத்த ஒரு மொடல் அழகியின் படம். லைனிங் துணி, லேஸ், பொத்தான், சிப் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்காமலே சொல்வார், இது இந்தியன், இது சைனா என்று. விலையும் அதற்கேற்ற மாதிரி. இலங்கைத் துணி இருக்கிறதா என்று கேட்டால் கைத்தறிப் படுக்கை விரிப்பு ஒன்றைக் காட்டக்கூடும், அதுவும் எல்லாக் கடையிலும் இல்லை. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் ஒரு தலைமுறைக்கு முன் பம்பாய்க்கும் சென்னைக்கும் போய் வந்தார்கள். இப்போது அவர்களின் பிள்ளைகள் குவாங்சோவுக்கும் யீவூவுக்கும் போய் வருகிறார்கள். பொம்மை, பூட்டு, பிளாஸ்ரிக் பூ, நத்தார் விளக்கு, தீபாவளி விளக்கு, வெசாக் கூடு என்று எல்லா மதத்துக்கும் ஒரே ஊரில் சரக்கெடுக்கலாம்.

சூரத்துச் சேலை இந்தியச் சேலைதானே என்று கேட்கலாம். அதற்குள்ளும் சீனா இருக்கிறது. சூரத்தின் தறிக்கூடங்களில் ஓடும் நவீன தறிகளில் பல சீனாவில் செய்தவை, செயற்கை நூலும் அங்கிருந்து வருகிறது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான கணக்கு இதைவிடப் பெரிய கதை சொல்லும். 2024–25 நிதியாண்டில் சீனாவோடு இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 99 பில்லியன் டொலர். எல்லையில் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நின்ற ஆண்டுகளிலும் அந்தத் தொகை மொத்தத்தில் ஏறியே வந்தது. சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது 2001 டிசம்பரில். 2009இல் ஜேர்மனியை முந்தி உலகின் முதலாவது ஏற்றுமதி நாடானது. 2024இல் அது உலகத்தோடு சேர்த்துவைத்த வர்த்தக உபரி 990 பில்லியன் டொலரைத் தாண்டியது. ஒரு நாடு இவ்வளவு விற்று இவ்வளவு குறைவாக வாங்கினால் மீதி உலகம் எங்கேயோ கடன்பட வேண்டும். யார் படுகிறார்கள் என்பதுதான் இன்றைய உலக அரசியலின் பாதிச் சண்டை.

இலங்கை எங்கே நிற்கிறது? 2024இல் நாங்கள் ஏற்றுமதி செய்த பொருட்களின் பெறுமதி ஏறக்குறைய 12.8 பில்லியன் டொலர். இறக்குமதி 18.8 பில்லியன். இடைவெளி 6 பில்லியன். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் காசும் சுற்றுலாப் பயணிகளின் காசும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. ஆனால் மொத்தத்தைப் பார்த்தால் முக்கியமான ஒன்று மறைந்துபோகும். வாங்குவதில் முதல் இரண்டு இடம் சீனாவுக்கும் இந்தியாவுக்கும். விற்பதில் முதலிடம் அமெரிக்காவுக்கு, பிறகு பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள். இந்தியா எங்களிடம் வாங்குவது ஒரு பில்லியன் டொலரை ஒட்டித்தான். சீனா வாங்குவது அதனிலும் மிகக் குறைவு. அமெரிக்கக் கடைகளில் எங்கள் உள்ளாடை விற்றுவரும் டொலரை எடுத்துக்கொண்டுபோய் ஷென்சென்னிலும் சூரத்திலும் கொடுக்கிறோம். கிழக்கு எழுந்தது எங்களுக்கு வாங்குவதற்கு மட்டுமே வசதியாயிற்று. விற்பதற்கு இன்னும் மேற்கை நம்பியே இருக்கிறோம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு ஒடிசலானது என்பது 2025 ஏப்ரல் 2ஆம் திகதி தெரிந்தது. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டொனால்ட் ட்ரம்ப் காட்டிய பட்டியலில் இலங்கைக்கு 44 சதவீத வரி. அமெரிக்கப் பொருட்களுக்கு இலங்கை 88 சதவீதம் அறவிடுகிறதாம், அதில் பாதியைத்தான் திருப்பிப் போடுகிறார்களாம். எங்கள் சுங்கத்தில் அப்படி ஒரு வரி இல்லையே என்று அதிகாரிகள் தலையைச் சொறிந்தார்கள். அது சுங்க வரியே அல்ல. அமெரிக்கா எங்களோடு வைத்திருக்கும் வர்த்தகப் பற்றாக்குறையை எங்களிடம் வாங்கும் தொகையால் வகுத்து வந்த எண். அவர்கள் எங்களிடம் ஏறத்தாழ 3 பில்லியனுக்கு வாங்குகிறார்கள், நாங்கள் அவர்களிடம் சில நூறு மில்லியனுக்குத்தான் வாங்குகிறோம். வகுத்தால் 88. ஜூலையில் அந்த 44 சதவீத வரி 30 ஆகி, ஆகஸ்டில் 20 ஆனது. இதற்கிடையே அந்த வரிகள் அமெரிக்க நீதிமன்றங்கள் வரை போயின.

ட்ரம்பின் கணக்கைக் கேலி செய்வது சுலபம். பொருளியல் படித்தவர்கள் எல்லாரும் செய்தார்கள். ஆனால் அந்த முரட்டுக் கணக்குக்குள் ஓர் உண்மை இருந்ததை மறுக்க முடியாது. நாங்கள் அமெரிக்காவிடம் உழைத்ததை அமெரிக்காவிடம் செலவழிப்பதில்லை. எங்கள் சட்டையில் சீனத் துணி இருக்கிறது, இந்திய நூல் இருக்கிறது. துணி இறக்குமதிக்கு மட்டும் ஆண்டுக்கு 2 பில்லியன் டொலருக்கு மேல் போகிறது. 2024இல் ஆடை ஏற்றுமதி 4.8 பில்லியனை ஒட்டியிருந்தது, அதில் ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்கு. ஆடை ஏற்றுமதித் தொகையைப் பத்திரிகையில் முழுதாகப் போடுகிறோம். அதில் துணிக்காரருக்குப் போனதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தத் தீவில் தங்கியது எவ்வளவு என்று தெரியும்.

ஐரோப்பாவில் அடி வேறு விதமாக விழுகிறது. 2017 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை திரும்பக் கிடைத்தபோது பட்டாசு கொளுத்தாத குறை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆடை இலங்கையில் தைக்கப்பட்டால் போதாது, துணியும் இலங்கையிலோ, விதிகள் அனுமதிக்கும் அயல்நாட்டிலோ நெய்யப்பட்டிருக்க வேண்டும். சீனத் துணி கொண்டு தைத்தால் வரி கட்டியே ஐரோப்பாவுக்குள் நுழையலாம். ஆகவே எங்கள் ஆடைகளில் கணிசமான பங்கு சலுகை இருந்தும் சலுகை இல்லாமலே போகிறது. பின்னல் துணி செய்யும் உள்ளூர் ஆலைகள் சில நன்றாகவே நடக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். பஞ்சம் தறியில் நெய்யும் துணிக்குத்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறாவூரில் துணி உற்பத்திப் பூங்கா ஒன்று வரும் என்று சில ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். ஆட்சி மாறும், அறிவிப்பும் திரும்ப வரும். நூறு வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில் இருந்த ஒன்றை இன்று முதலீட்டுச் சபை ஆவணத்தில் எதிர்காலத் திட்டமாக எழுதிவைத்திருக்கிறோம்.

எப்போதும் இப்படித்தான் இருந்தோமா என்றால் இல்லை. 1952ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரியப் போர் கிளப்பிய இறப்பர் விலை கீழே வந்துகொண்டிருந்தது, அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. டட்லி சேனநாயக்க அரசின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போய் இறப்பர்–அரிசி உடன்பாட்டை முடித்துவந்தார். இங்கிருந்து ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், அங்கிருந்து 270,000 தொன் அரிசி. இறப்பருக்கு உலகச் சந்தையைவிடக் கூடிய விலை. கம்யூனிஸ்ட் சீனாவோடு எங்களுக்கு அப்போது இராஜதந்திர உறவுகூடக் கிடையாது, அது 1957இல்தான் வந்தது. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. ஆனாலும் உடன்பாடு புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது. ஐக்கிய தேசியக் கட்சி போன்ற வலதுசாரிக் கட்சி இதைச் செய்தது என்பதை இன்று பலர் வியப்பாகச் சொல்வார்கள். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. அன்று சீனாவுக்கு அவசரமாகத் தேவைப்பட்ட ஒரு பொருள் எங்கள் கையில் இருந்தது. பேரம் பேச முடிந்தது அதனால்தான்.

சீனாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. மிங் அரசின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று ஆண்டு பொறித்தது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற பெருமாளுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அந்தக் காலத்துச் சீனத் தளபதிக்கு இந்தக் கடலில் வியாபாரம் எந்த மொழியில் நடக்கிறது என்பது தெரிந்திருந்தது. 2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சீனா அன்பளிப்புச் செய்த நூலகத்தின் பெயர்ப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு பலகையைக் கழற்றினார்கள். சீனாக்காரரைக் குறை சொல்வதைவிட அந்தப் பலகைக்குச் சம்மதம் சொன்ன எங்கள் ஆட்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். ஜம்பட்டா வீதியிலோ புளூமெண்டல் வீதியிலோ உயரமான மாடியில் நின்றால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரியும். இந்தப் பகுதியின் பல குடும்பங்களுக்கு ஹாபர்தான் சோறு போட்டது. மூட்டை தூக்கியவர்கள், வார்ஃப் கிளார்க்குகள், கிளியரிங் ஏஜெண்டுகள், படகுக்காரர்கள் என்று ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர். கொள்கலன் வந்ததும் மூட்டை தூக்கும் வேலை போயிற்று. பிள்ளைகள் கப்பல் முகவர் அலுவலகங்களில் கணினிக்கு முன் உட்கார்ந்தார்கள், அல்லது டுபாய் போனார்கள்.

சற்றுத் தள்ளிச் செட்டியார் தெரு. இப்போது தங்க நகைக்குப் பேர்போன தெரு. ஆனால் அதற்கு முன், அரிசியும் துணியும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறங்கிய காலத்தில், அந்த இறக்குமதிக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஆங்கில வங்கிகள் உள்ளூர் வியாபாரியை நம்பவில்லை. செட்டியாரை நம்பின. வங்கியில் செட்டியார் வாங்கி, செட்டியாரிடம் வியாபாரி வாங்கி, அப்படித்தான் நகரம் ஓடியது. 1925இல் செட்டி நிறுவனங்கள் சில முறிந்தபோது வங்கிகள் கடனைச் சட்டென்று இழுத்துக்கொண்டன. கடைத்தெரு மூச்சுமுட்டியது. அந்த அடியின் விளைவாகப் பின்னர் 1934இல் சோராப்ஜி போச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது, அதன் வழியே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. வெளியார் முதல் திடீரென்று கையை உதறினால் என்ன நடக்கும் என்பதைக் கொழும்பு வியாபாரிகள் 2022இன் கடன் நெருக்கடிக்கு வெகு முன்னரே பார்த்திருக்கிறார்கள். அன்று அந்த அடிக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தைக் கட்டினார்கள். 2022க்குப் பதிலாக நாங்கள் என்ன கட்டினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். சர்வதேச நாணய நிதியத்தின் தவணைகளும் வரி உயர்வும்தான் நினைவுக்கு வருகின்றன.

துறைமுகத்தின் இன்றைய பிழைப்பு இடைமாற்றுச் சரக்கு. விஷயம் எளிது. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் பெருங்கப்பல்கள் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகின்றன. கொழும்புக்குள் வந்துபோக அவற்றுக்கு அதிக நேரம் விரயமாகாது. சென்னை, தூத்துக்குடி, கொச்சி, சட்டோகிராம் போன்ற துறைகளிலிருந்து சிறு கப்பல்கள் கொள்கலன்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கும், பெருங்கப்பல் ஏற்றிக்கொண்டு போகும். இறக்கக் காசு, ஏற்றக் காசு. 2024இல் கொழும்பு கையாண்டது 20 அடிக் கொள்கலன் கணக்கில் ஏறத்தாழ 78 இலட்சம். ஐந்தில் நான்கு பங்கு இப்படி மாறிப்போகும் சரக்கு, அதில் பெரும்பகுதி இந்தியாவுடையது. அதாவது இந்தியாவின் துறைமுகங்கள் ஆழமில்லாமலும் தாமதமாகவும் இருந்ததுதான் எங்கள் வருமானம். கசப்பாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

பெரிய கப்பலுக்கான 18 மீற்றர் ஆழத் துறையைக் கொழும்பில் முதலில் நடத்தியவர்கள் சீனர்கள். சைனா மேர்ச்சன்ற்ஸ் 85 சதவீதம், துறைமுக அதிகாரசபை 15 சதவீதம் என்ற பங்கில் 2013இல் தொடங்கிய அந்த முனையம் நன்றாக ஓடியது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். இந்தியாவுக்கும் ஓர் இடம் வேண்டுமென்ற பேச்சு கிழக்கு முனையத்தில் வந்து நின்றது. 2019 உடன்பாட்டின்படி அதில் துறைமுக அதிகாரசபைக்கு 51 சதவீதம், இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து 49. தொழிற்சங்கங்கள் தெருவுக்கு இறங்கின. தேசிய சொத்தை விற்கிறார்கள் என்று பிக்குகளும் வந்தார்கள். 2021 பெப்ரவரியில் அரசு பின்வாங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் மேற்கு முனையத்தை அதானி குழுமத்துக்கும் ஜோன் கீல்ஸுக்கும் கொடுத்தார்கள். அதானிக்கு 51, ஜோன் கீல்ஸுக்கு 34, அதிகாரசபைக்கு 15. எதிர்த்தவர்கள் அநேகமாக வாயே திறக்கவில்லை. 51ஐ விட்டு 15ஐ வாங்கியதைத் தேசபக்தியின் வெற்றி என்று கொண்டாடிய நாடு உலகில் வேறு இருக்குமோ தெரியாது. 2025 ஏப்ரலில் அந்த முனையம் இயங்கத் தொடங்கியது.

அடுத்த மாதமே, மே 2ஆம் திகதி, கேரளத்து விழிஞ்ஞத்தில் இன்னொரு ஆழ்துறைமுகத்தைப் பிரதமர் மோடி முறைப்படி திறந்துவைத்தார். அதையும் நடத்துவது அதானி குழுமம். இந்தியச் சரக்கு இந்தியாவிலேயே பெருங்கப்பலில் ஏற வேண்டும் என்பது விழிஞ்ஞத்தின் நோக்கம், அதை அவர்கள் மறைக்கவுமில்லை. விழிஞ்ஞம் கொழும்பை விழுங்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. சரக்கு வளர்ந்துகொண்டே போகிறது, செங்கடல் குழப்பம் போன்ற காலங்களில் கூடுதல் துறைக்கும் வேலை வரும், கொழும்பின் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எந்தக் கொள்கலன் கொழும்பில் இறங்கும், எது விழிஞ்ஞத்தில் இறங்கும் என்பதில் ஒரே நிறுவனத்தின் சொல் இரண்டு கரையிலும் செல்லும். கொழும்பின் மேற்கு முனையத்தில் எங்கள் அதிகாரசபைக்கு இருக்கும் வாக்கு 15 சதவீதம்.

இடைமாற்றுத் தொழிலுக்கு இலவசமாக வரும் வில்லங்கமும் உண்டு. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் குஜராத்தின் ஹசீராவிலிருந்து கொழும்புக்கு வந்து, கசியும் நைத்திரிக் அமிலக் கொள்கலனோடு எங்கள் கடலில் தீப்பிடித்துப் பிறகு மூழ்கியது. ஹசீராவும் கட்டாரின் ஹமாட் துறையும் அந்தக் கொள்கலனை இறக்க முடியாது என்று சொல்லிவிட்டிருந்தன. நீர்கொழும்பு மீனவர்கள் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. கரையெல்லாம் வெள்ளை மணி மணியாகப் பிளாஸ்ரிக் ஒதுங்கியது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 1 பில்லியன் டொலர் நட்டஈடு கட்டுமாறு கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது.

சாலையிலும் இந்தியாவும் சீனாவும் தெரிகின்றன, அந்த மாற்றங்களை விரிவாகச் சொல்லப் போவதில்லை. இந்தியன் ஒயில் 2003இலிருந்து இங்கே பெற்றோல் விற்கிறது, சினோபெக் 2023இல் வந்தது. ஐந்து ஆண்டுத் தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்ததும் பழைய ஜப்பான் காருக்குப் பக்கத்தில் சீன மின்கார்கள் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கின. முச்சக்கரவண்டி மட்டும் இன்னும் பஜாஜ்தான்.

இந்தியாவிடம் விற்பதற்கு எங்களுக்குச் சட்டப்படி ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1998 டிசம்பரில் ஒப்பமிட்டு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்பாடு அது. தெற்காசியாவில் அந்த வகையில் முன்னோடி. அதன் வரலாறு தமிழ் வாசகர்களுக்குப் படிப்பினையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதை நாங்கள் பயன்படுத்திய விதம் அப்படி. உடன்பாடு வந்ததும் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அதிகமாகப் போனவை வனஸ்பதியும் செம்பும். இங்கே அந்த அளவுக்கு எண்ணெய்ப்பனையும் விளையாது, செம்புச் சுரங்கமும் கிடையாது. குறைந்த வரியில் இறக்கி, இலேசாகப் பதப்படுத்தி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். முதல் போட்டவர்களில் பலர் இந்தியர்கள். இந்தியா கட்டுப்பாடு போட்டதும் ஆலைகள் மூடின. பிறகு மிளகு. மாத்தளை, கண்டிப் பக்கத்து நல்ல மிளகுக்கு இந்தியாவில் மதிப்பு உண்டு. வியட்நாம் மிளகும் இலங்கை மிளகு என்ற பெயரில் போகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்கக்கூடாது என்று டெல்லி விதி போட்டது. குறுக்குவழிக்காரர் தப்பிவிட்டார், தோட்டக்காரர் மாட்டிக்கொண்டார்.

நேர்வழியிலும் முட்டுக்கட்டை உண்டு. ஆடைக்கு ஆண்டுக்கு 80 இலட்சம் உருப்படி என்று கோட்டா. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள சந்தைக்கு 80 இலட்சம்! தேயிலைக்கு 150 இலட்சம் கிலோ, ஆனால் இந்தியர் குடிக்கும் தேயிலை வேறு வகை என்பதால் அது பெரிதாகப் பயன்படவில்லை. எங்கள் பெரிய ஆடைக் கம்பனிகள் இந்தக் கோட்டாவோடு மல்லுக்கட்டவில்லை. பிராண்டிக்ஸ் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அச்சுதாபுரத்தில் ஆயிரம் ஏக்கரில் ஓர் ஆடை நகரத்தையே எழுப்பியது. துணி அங்கே, ஆட்கள் அங்கே, சந்தை அங்கே. கம்பனிக்கு நல்லது. கட்டுநாயக்கவில் வேலை தேடும் பிள்ளைக்கு அதில் பங்கில்லை.

இந்தியாவை அஞ்சி நடுங்குவோருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன், அதே சமயம் இந்தியா என்றாலே உருகுவோருக்கும் ஒன்று. அஞ்சுவோருக்கு: 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு அந்த ஆண்டு எரிபொருள், மருந்து, உணவு என்று ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தது இந்தியாதான். உருகுவோருக்கு: 2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது கொழும்புச் சந்தையில் பம்பாய் வெங்காயத்தின் விலை என்ன ஆனது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரிய நாடு தன் வீட்டுத் தேவையைத்தான் முதலில் பார்க்கும், அதில் தப்பேதும் இல்லை. 2025 ஜூலை 24ஆம் திகதி இந்தியாவும் பிரித்தானியாவும் வர்த்தக உடன்பாட்டில் ஒப்பமிட்டன. அதன்படி இந்திய ஆடை வரியில்லாமல் பிரித்தானியாவுக்குள் போகும். திருப்பூர்க்காரருக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு அந்தச் சந்தையில் இதுவரை இருந்த வரி அனுகூலம் கரைகிறது. எங்கள் இரண்டாவது பெரிய வாடிக்கையாளர் விஷயம் இது. கொழும்புப் பத்திரிகைகளில் இதற்கு ஒரு பத்திதான் கிடைத்தது.

எக்டா என்று சுருக்கிச் சொல்லும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாடு பற்றி 2016இலிருந்து இந்தியாவோடு பல சுற்றுப் பேச்சு நடந்திருக்கிறது. இங்கே அதைப் பற்றி எழுந்த எதிர்ப்பு எல்லாம் இந்திய டொக்டர் வருவார், இந்திய கணினிப் பொறியியலாளர் வருவார் என்பதைச் சுற்றியே. வேலைச் சந்தையைப் பற்றிய கவலை நியாயமானது, அதைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் 80 இலட்சம் உருப்படியை எத்தனையாக உயர்த்தக் கேட்கிறோம்? மிளகுக்கு விளைந்த தோட்டத்தின் சான்றை இரு நாட்டுச் சுங்கமும் எப்படி ஏற்கும்? தமிழ்நாட்டு நெசவுத் துணி ஏறாவூருக்கோ கட்டுநாயக்கவுக்கோ வந்து, ஆடையாகி, ஐரோப்பியச் சலுகையோடு போக விதிகளை எப்படி வளைக்கலாம்? கோயம்புத்தூர் ஆலைக்காரர் ஒருவர் ஏறாவூரில் தறி போட முன்வந்தால் அவருக்குக் காணியும் மின்சாரமும் எத்தனை மாதத்தில் கிடைக்கும்? இவை எதிர்ப்புக் கூட்டங்களிலும் கேட்கப்படவில்லை, ஆதரவுக் கூட்டங்களிலும் கேட்கப்படவில்லை.

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள். சென்னையில் எந்தத் தெருவில் எந்த விலைக்குத் துணி எடுக்கலாம் என்பது வெள்ளவத்தைக் கடைக்காரருக்குத் தெரியும். மிளகில் வியட்நாம் கலந்திருக்கிறதா என்று புறக்கோட்டை வியாபாரி கையில் எடுத்ததும் சொல்வார். தூத்துக்குடிச் சரக்கு எந்தக் கடதாசியில் மாட்டிக்கொண்டு எத்தனை நாள் கிடக்கும் என்பதைக் கொட்டாஞ்சேனைக் கிளியரிங் ஏஜெண்டு தூக்கத்திலும் சொல்வார். இவர்களில் பெரும்பாலோர் தமிழர்களும் முஸ்லிம்களும். வர்த்தகப் பேச்சுக்குப் போகும் தூதுக்குழுவில் இவர்களைக் காணோம். அடுத்த சுற்றுப் பேச்சுக்கு முன் வர்த்தக அமைச்சு யார் யாரை அழைக்கிறது, எந்தப் பொருளுக்கு என்ன கேட்கிறது என்ற பட்டியலை மூன்று மொழியிலும் வெளியிடட்டும். வர்த்தக சம்மேளனங்களும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களும் அதைக் கேட்டு வாங்கலாம், கேட்பதற்குக் கோட்டா ஒன்றும் இல்லை.